லாட்ஜ்னா ரூம் போடுற லாட்ஜ் இல்லீங்க: கிருஷ்ணகிரி மேசன்களோட முதல் சில வருஷங்கள்

பழையபேட்டைக்காரன்
போன வாரம் பீரோ ஒழிச்சப்போ அப்பாவோட தோல் பெட்டி கிடைச்சது. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும் உள்ள என்ன இருக்கும்னு. வெள்ளை ஏப்ரன், வெள்ளை கையுறை. அப்பா மேசன், அதாவது ஃப்ரீமேசன்ங்கிற பழைய சகோதர சங்கத்துல உறுப்பினர்; அந்தச் சங்கத்தோட கிளைக்குப் பேர்தான் லாட்ஜ்.

தொண்ணூறுகள்ல (அப்போ நாம தருமபுரி மாவட்டம், 2004லதான் பிரிஞ்சோம்) பெங்களூர் லாட்ஜுக்குப் போய்ட்டு கடைசி பஸ்ல திரும்பிட்டிருந்த ஏழெட்டு பேர், இங்கயே ஒண்ணு ஆரம்பிச்சாங்க. ஏழு பேர் இருந்தாத்தான் முழு லாட்ஜ். ஒருத்தருக்குக் காய்ச்சல்னா மத்த எல்லாருக்கும் தலைவலி.

அம்மா முதல் தடவை அந்த ஏப்ரனைப் பார்த்துட்டு, "வீட்டுல ஒரு தோசை திருப்பினதில்ல, அங்க யாருக்குங்க சமைக்கிறீங்க?"ன்னாங்க. அந்தக் காலத்துக் கல்கொத்தர் கட்டின ஏப்ரன்டினு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அது ஒண்ணும் ரகசியமில்ல. அப்பா பேசாம பெட்டியைப் பூட்டினார். அம்மா சாகிற வரைக்கும் அதைப் பத்தி ஒரு கேள்வி கேட்கல.

புளிக்குடோன் மாடி
தம்பி, உங்கப்பாவை எனக்குத் தெரிஞ்சிருக்கும். கீழ புளி மண்டி, மேல வாடகை ஹால். கருப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தரைவிரிப்பை நாங்களே சுருட்டித் தூக்கிட்டுப் போய் விரிப்போம், முடிஞ்சதும் சுருட்டுவோம். வாசனை என்னவோ புளிதான்.

நான் டைலர். துணி தைக்கிறவன் இல்ல, கதவுக்கு வெளிய உருவின வாளோட காவல் நிக்கிறவன். ஒரு நாள் ராத்திரி எட்டரை மணி. தோள்ல தூங்குற குழந்தையோட ஒருத்தர், பின்னாடியே அவர் சம்சாரம். கீழ போர்டுல 'லாட்ஜ்'னு பார்த்துட்டு ஏறி வந்துட்டாங்க. "சார், டபுள் ரூம்..." அதுக்குள்ள வாளைப் பார்த்துட்டார். அந்தம்மா போட்ட கூச்சல்ல உள்ள சடங்கே நின்னுபோச்சு. குழந்தையோட ஒத்தைச் செருப்பு படியில கிடந்தது. பஸ் ஸ்டாண்டுகிட்ட ரூம் கிடைக்கும்னு ஓடிப்போய் சொல்லியிருக்கலாம். கதவை விட்டு நகரக் கூடாதுங்களே. அடுத்த மாசம் போர்டை எடுத்துட்டோம்.

லண்டன்பேட்டை
போர்டு வச்சதே தப்பு. ஹாலும் தப்பு, மாஸ்டர் (லாட்ஜ் தலைவர்) கிழக்குல உட்காரணும், அங்க வாசப்படியே கிழக்குல.

என்னையும் கூப்பிட்டாங்க. "கடவுள் நம்பிக்கை உண்டா?"ன்னு முதல் கேள்வி. எங்கப்பா கடைசி வரைக்கும் கருப்புச் சட்டை போட்டவர். இல்லைன்னேன். கூட்டிட்டுப் போன டாக்டர் என் காதுல, "எந்த சாமின்னு யாரும் கேட்க மாட்டாங்கப்பா, ஏதோ ஒரு சக்தின்னு சொல்லிடு" என்றார். கீதை, குரான், பைபிள் மூணும் பக்கத்துல பக்கத்துல வச்சிருந்தாங்க. காபியைப் பாதியில வச்சுட்டு எழுந்துட்டேன். இப்பவும் அந்த டாக்டர் முகத்தை நேரா பார்க்க முடியல. பொய் சொல்லச் சொன்னது அவர், கூச்சம் எனக்கு. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன கிளப்புக்கு இவ்வளவு பூட்டு எதுக்கு?

ஓசூர் சிப்காட் ரிட்டயர்டு
லண்டன்பேட்டை சார், திசைகாட்டி காட்டுறது கிழக்கு இல்ல. மாஸ்டர் எங்க உட்கார்றாரோ அதுதான் கிழக்கு. வெள்ளைக்காரன் கிளப்னா, 1961ல டெல்லியில இந்தியாவுக்குன்னே தனி கிராண்ட் லாட்ஜ், அதாவது லாட்ஜுகளுக்கு மேல இருக்கிற தலைமை அமைப்பு, வந்தாச்சு. முதல் கிராண்ட் மாஸ்டர் ராம்பூர் நவாப். அதுக்கெல்லாம் முன்னாடி 1884லயே விவேகானந்தர் கல்கத்தாவுல சேர்ந்தவர்.

என் கதை சின்னது: முதல் நாள் கண்ணைக் கட்டிக் கூட்டிட்டுப் போனப்போ யாரோ ஒருத்தர் என் கையை இறுக்கிப் பிடிச்சிருந்தார். யாருன்னு இன்னைக்கு வரைக்கும் கேட்கல.

சேர நினைக்கிற இளைஞர்களுக்கு: உங்களை யாரும் வந்து கூப்பிடணும்னு காத்திருக்காதீங்க, நீங்களா போய்க் கேட்கிறதுதான் முறை. வேலைக்கு சிபாரிசு கிடைக்கும், டெண்டர் கிடைக்கும்னு போகாதீங்க, அது முதல் பேச்சுலயே தெரிஞ்சுடும். சந்தா, சாப்பாட்டுச் செலவு எவ்வளவுன்னு முன்கூட்டியே கேட்டு வச்சுக்கோங்க. மனப்பாடம் நிறைய உண்டு, காலையில வாக்கிங் போகும்போது சொல்லிப் பாருங்க. முக்கியமா வீட்டம்மாகிட்ட முதல்ல சொல்லிடுங்க. பழைய மினிட்ஸ் புக் வச்சிருக்கிறவங்க வேப்பிலை போட்டு வைங்க, கரையான் நம்ம ஊர்ல...

லண்டன்பேட்டை
யார் சார் கேட்டா?

மாந்தோப்பு
இங்க எழுதலாமான்னு மூணு நாளா யோசிக்கிறேன். புது ஆள் சேர்க்கணும்னா ஓட்டு. பெட்டிக்குள்ள கையை விட்டு வெள்ளை உருண்டை போடலாம், இல்ல கருப்பு. யார் எதைப் போட்டாங்கன்னு தெரியாது. எத்தனை கருப்பு விழுந்தா தள்ளுபடிங்கிறது லாட்ஜுக்கு லாட்ஜ் மாறும், எங்களது சின்ன லாட்ஜ்.

வந்த ஆள் தங்கமான மனுஷன். ஆனா என் மச்சானோட அவருக்கு வரப்புத் தகராறு. கை உள்ள போனப்போ வெள்ளை எது கருப்பு எதுன்னு நல்லாவே தெரிஞ்சிருந்தது. பெட்டியைத் திறந்ததும் மாஸ்டர் ஒரு நிமிஷம் பேசல. எல்லாரும் தரையைப் பார்த்தாங்க, நானும் பார்த்தேன்.

அந்தத் தகராறு மறு வருஷமே பேசித் தீர்ந்துடுச்சு. அவர் வருஷா வருஷம் சீசனுக்கு ஒரு பெட்டி செந்தூரா அனுப்புறார். "அண்ணா, முதல் பறிப்பு"ன்னு போன் வேற.

புளிக்குடோன் மாடி
செந்தூராவா? காவேரிப்பட்டணம் பக்கம் தோப்பா?

மாந்தோப்பு
ஊர் கேட்காதீங்க சார்.