கூட்டு வீட்டில் குழந்தைகளுக்கு இடம் செய்தல்: பழைய தொட்டில், தேக்கு அலமாரி, பொரிந்த சுவர்

கேள்வி: கோட்டையூர் மருமகள்

அனைவருக்கும் வணக்கம். கோட்டையூரில் என் கணவரின் பூர்வீக வீட்டில், எங்கள் பங்குக்கு வந்த இரட்டை அறையிலும் அதன் முன்னுள்ள வளவுப் பத்தியிலும் (உள்முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம்) குடியிருக்கிறோம். மகனுக்கு ஏழு வயது ஆகிறது. இரண்டாவது குழந்தை தை மாதம் பிறக்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதற்குள் இருக்கிற இடத்தையே பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள விரும்புகிறோம். இதற்கென்று ஒதுக்க முடிந்தது 30,000 ரூபாய். வீடு பங்காளிகள் அனைவருக்கும் பொது என்பதால் சுவரை இடிப்பதோ நிலை கதவுகளில் கை வைப்பதோ எல்லோரையும் கேட்காமல் நடக்காது. அவர்களில் இருவர் மலேசியாவில் இருக்கிறார்கள். ஆகவே, நாளை பங்கு பிரிந்தாலும் கழற்றி எடுத்துக்கொள்ளக்கூடிய வேலைகளே எங்களுக்குத் தோதானவை.

சாமான் அறையிலிருந்து மூன்று பொருள்களை வெளியே எடுத்து வைத்திருக்கிறோம். ஒன்று, என் மாமனார் குழந்தையாகக் கிடந்த ஆடும் மரத்தொட்டில். அதன் பச்சை வண்ணம் அங்கங்கே செதிலாக உதிர்கிறது. அடுத்தது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் தேக்கு அலமாரி. மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் தனித்தனியாகச் செய்து ஒன்றன்மேல் ஒன்று ஏற்றியதுபோல் தெரிகிறது. மூன்றாவது, சாய்வான மூடி உள்ள கணக்குப்பிள்ளை மேசை. எல்லாவற்றையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெள்ளை எனாமல் அடித்துவிட்டால் அறை வெளிச்சமாகும் என்று நினைத்தோம். தேய்க்கிற வேலை கணவருக்கு, வண்ணம் அடிப்பது எனக்கு என்று பேசி வைத்திருக்கிறோம்.

இவை தவிர, அறைச் சுவர் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை உப்புப் பூத்து உதிர்கிறது. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கற்கள் மங்கிவிட்டன. அவற்றில் மூன்று விரிசல் விட்டிருக்கின்றன. எதை முதலில் செய்வது, எதை நாங்களே செய்துகொள்ளலாம், எதற்கு ஆள் வைக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில்: பள்ளத்தூர் மரவேலை

சகோதரி, முதலில் உப்புத்தாளை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். உங்கள் மாமனார் காலத்துப் பச்சை வண்ணத்தில் ஈயம் இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. அந்நாளில் பச்சை, மஞ்சள், வெள்ளை ஆகிய வண்ணங்களுக்கு ஈயச் சேர்மங்களைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். நம் நாட்டில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016ஆம் ஆண்டில்தான் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பாட்டன் காலத்துப் பொருள் மட்டுமன்று, பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வண்ணம் அடித்த பொருளையும் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். உலர்ந்த வண்ணத்தைத் தேய்த்தால் எழும் நுண்தூள் கண்ணுக்குத் தெரியாமல் பாயிலும் துணியிலும் தரையிலும் படிகிறது. தவழும் பிள்ளை கையை வாயில் வைக்கும்போது உள்ளே போகிறது. கருவுற்றிருப்பவரின் இரத்தத்தில் சேரும் ஈயம் கருவிலுள்ள குழந்தைக்கும் செல்லும். அது குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்பதால், அந்தப் பழைய வண்ணத்தை நீக்கும் வேலை எங்கே நடந்தாலும் நீங்கள் அந்த இடத்தில் இருக்கக் கூடாது.

தொட்டிலைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது: அதில் குழந்தையைக் கிடத்த வேண்டாம். பல் முளைக்கும் பருவத்தில் பிள்ளை முதலில் கடிப்பது தொட்டிலின் மேல் சட்டத்தைத்தான். வண்ணத்தை முழுவதும் நீக்கினாலும் கடைசல் கம்புகளின் இடுக்குகளில் மிச்சம் தங்கிவிடும். அது போக, பழைய தொட்டில்களில் கம்புகளுக்கு இடையே இடைவெளி அதிகம். அது 6 செ.மீ.க்கு மேல் இருந்தால் குழந்தையின் உடல் நழுவித் தலை சிக்கிக்கொள்ளலாம். தொட்டிலை ஈரத்துணியால் துடைத்து, உதிரும் செதில்களைத் துணியோடு ஒரு பையில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு, தொட்டிலைத் துணி சுற்றிச் சாமான் அறைக்கே திருப்பி அனுப்புங்கள். குடும்பப் பொருளாயிற்றே என்று மனம் கேட்காதுதான். ஆனால் அது அங்கேயே பத்திரமாக இருக்கும்.

அலமாரி வேறு கதை. அதில் வண்ணம் இல்லை, மெருகு மட்டும்தான் என்றால் உங்களுக்கு நல்ல காலம். பின்புறத்தில் மறைவான ஓர் இடத்தில், பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துச் சற்று நேரம் அழுத்தி வையுங்கள். மெருகு இளகிப் பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். அதைச் சுரண்ட வேண்டிய அவசியமே இல்லை. டர்பன்டைன் நனைத்த துணியால் பழைய எண்ணெய் அழுக்கைத் துடைத்து, 320ஆம் எண் உப்புத்தாளால் இழையின் திசையிலேயே மெல்லத் தடவி, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கை மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று தடவை கொடுத்தால் போதும். இது ஆசாரி இல்லாமல் உங்கள் கணவரே செய்யக்கூடிய வேலை. டர்பன்டைன், ஸ்பிரிட் இரண்டின் நெடியும் உங்களுக்கு ஆகாது என்பதால் இதையும் அவரிடமே விட்டுவிடுங்கள். அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமான பின்கட்டில் வைத்துச் செய்யட்டும்.

மேல் பாதியை இறக்கித் தரையில் வைத்து, இரண்டையும் பக்கம் பக்கமாக நிறுத்திவிடுங்கள். ஏழு வயதுப் பையன் இழுப்பறைகளைப் படியாக்கி ஏறுவான். உயரமான அலமாரி பிள்ளைமேல் கவிழும் விபத்து பெரும்பாலும் அப்படித்தான் நேர்கிறது. சுவரோடு சேர்த்து முடுக்கலாம் என்றால், சுண்ணாம்புப் பூச்சில் திருகாணி பிடிக்காது. உள்ளே செங்கல்வரை துளைக்க வேண்டும், அதற்குப் பங்காளிகளிடம் கேட்க வேண்டும். உயரத்தைக் குறைத்துவிட்டால் பெரும்பாலும் அந்தப் பிரச்சினையே எழாது. மேல் பாதிக்கு அடிக்கட்டை இருக்காது என்பதால் மூன்று அங்குலத்துக்கு ஒரு பீடம் மட்டும் அடித்துக்கொள்ளுங்கள்.

மிச்சப் பணத்தில், இருக்கிற கட்டிலுக்கு அடியில் உருளை வைத்த இழுப்புப் பெட்டி இரண்டு செய்துகொள்ளலாம். 12 மி.மீ. பிளைவுட் 8க்கு 4 அடிப் பலகையைக் கடையிலேயே அளவு கொடுத்து அறுத்து வாங்கினால், வீட்டில் முடுக்குகிற வேலை மட்டும்தான். பலகையில் ஐ.எஸ். 303 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்; ஈரமுள்ள அறை என்பதால் அதிலேயே பி.டபிள்யூ.ஆர். (கொதிநீரையும் தாங்கும்) தரத்தைக் கேளுங்கள். அறுத்த ஓரங்களைப் பூசி அடைக்காமல் விடக் கூடாது. சுவருக்கு இந்த ஆண்டு ஒன்றும் செய்ய வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பதில்: தேவகோட்டை ஆச்சி

கணக்குப்பிள்ளை மேசைக்கு வெள்ளை அடிக்கப் போகிறேன் என்கிறாயே மகளே! பர்மா தேக்கில் எனாமல் அடித்த பொருளை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் எந்தப் பழம்பொருள் கடைக்காரரும் நல்ல விலைக்கு எடுக்கமாட்டார். நீ விற்கப்போவதில்லை என்றாலும், அதன் மதிப்பைக் கைப்பணம் செலவழித்துக் குறைப்பானேன்?

அந்த மேசையை உன் மகனுக்கே கொடுத்துவிடு. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதுவதற்கென்றே செய்தது அது. சாய்ந்த பலகையில் புத்தகம் வைத்தால் பிள்ளை கழுத்தை மிகவும் குனிய வேண்டியதில்லை. உள்ளே பலப்பம், நோட்டு எல்லாம் அடங்கிவிடும். மூடி விரலில் விழாமல் இருக்க, உள்விளிம்பில் இரண்டு மூலையிலும் தடித்த ரப்பர்த் துண்டு ஒட்டி, மூடியைத் தாங்குகிற ஒரு பக்கத் தாங்கியைச் சாமான் கடையில் வாங்கி முடுக்கச் சொல். நாற்காலி மேசைதான் வேண்டும் என்று பையன் அடம் பிடித்தால், ஏறத்தாழ 120 செ.மீ. உயரப் பிள்ளைக்கு மேசை 53 முதல் 59 செ.மீ., இருக்கை 31 முதல் 35 செ.மீ. இருந்தால் போதும், பெரியவர்களுடைய மேசை அவனுக்கு உயரம்.

பள்ளத்தூர்த் தம்பி தொட்டிலைப் பற்றிச் சொன்னது சரி. உத்தரத்தில் தொட்டில் வளையம் இருந்தால் பகலில் நூல் சேலையில் ஏணை கட்டிக்கொள், ஆனால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்கும்போது மட்டும். மூத்தவன் அதைப் பிடித்து முறுக்கவோ அதில் ஏறி ஆடவோ விடாதே. இரவில் சமமான, இறுக்கமான படுக்கையில் குழந்தையை மல்லாக்கக் கிடத்து, தலையணை வேண்டாம்.

பதில்: காரைக்குடிக் கட்டுமானம்

சுவரை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம் என்ற கருத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். மெருகேற்றிய அலமாரியை எங்கே வைக்கப் போகிறீர்கள்? அதே ஈரச் சுவரை ஒட்டித்தானே? கரையான் பிடிப்பதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. சுவரை முதலில் கவனித்துவிட்டு, பிறகும் நான்கு விரற்கடை இடைவெளி விட்டுத்தான் மரச்சாமானை நிறுத்த வேண்டும்.

நம் வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாகவே ஆவியாகிப் போய்விடும். அந்தப் பூச்சு மூச்சு விடுகிறது என்று கொத்தனார்கள் சொல்வதன் பொருள் அதுதான். அதன்மேல் சிமெண்டுப் பட்டியும் பிளாஸ்டிக் எமல்ஷனும் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல், அடைத்த இடத்துக்கு மேலே ஏறி, இன்று முழங்கால் உயரத்தில் இருக்கும் உப்பு இடுப்பு உயரத்துக்கு வந்துவிடும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெளிப்புறம் சுவரை ஒட்டித் தண்ணீர் தேங்குகிறதா, கூரையின் மழைநீர் அங்கே விழுகிறதா என்று பார்த்து அதை முதலில் திருப்பிவிடுங்கள். உள்ளே, பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்துவிடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். பொரிந்த பகுதியைக் கொத்தனாரை வைத்துச் சுண்ணாம்பும் மணலும் கலந்த கலவையால் பூசச் சொல்லுங்கள். சிமெண்டு ஒரு கரண்டிகூடச் சேர்க்கக் கூடாது. அது காய்ந்த பிறகு, நன்றாக நீற்றி வடிகட்டிய சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்து, சுவரை இலேசாக நனைத்து, மெல்லிய பூச்சாக மூன்று முறை அடிக்கலாம். நீங்கள் ஆசைப்பட்ட வெளிச்சம் இதிலேயே கிடைத்துவிடும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் புண்ணாக்கும் என்பதால் அடிப்பவர் கண்ணாடி அணிய வேண்டும். மகனை அன்று வளவின் மறுபக்கம் விளையாட அனுப்பிவிடுங்கள்.

கேட்டவர்: கோட்டையூர் மருமகள்

ஆச்சிக்கும் அண்ணன்மார்களுக்கும் நன்றி. தொட்டிலைத் துடைத்து உள்ளே வைத்துவிட்டோம்; மாமியார் சற்று வருத்தப்பட்டார், பிறகு ஒப்புக்கொண்டார். அலமாரியில் ஸ்பிரிட் வைத்துப் பார்த்ததில் பிசுபிசுத்தது. இன்னும் மூன்று சந்தேகங்கள். பொரிந்த பகுதிக்கு மேலே சுவர் பளிங்குபோல் வழவழவென்று இருக்கிறது. அதன்மேலும் சுண்ணாம்பு அடிக்கலாமா? தரையை அமிலம் போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள், உண்மையா? அலமாரிக் கதவு ஒன்றின் உள்பக்கத்தில் மட்டும் பழைய மஞ்சள் வண்ணம் இருக்கிறது. அதை முற்றத்தில் வைத்துச் சுரண்டலாமா?

பதில்: காரைக்குடிக் கட்டுமானம்

அந்த வழவழப்பு முட்டையின் வெள்ளைக்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த பழைய பூச்சு. அதைத் தொடவே வேண்டாம். அதன்மேல் சுண்ணாம்பும் ஒட்டாது, பெயின்ட்டும் நிற்காது. நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் துடைத்தாலே மறுபடி முகம் தெரியும். இந்தப் பழைய பூச்சும் கீழே அடிக்கும் புதுச் சுண்ணாம்பும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியத்தான் செய்யும். அதை மறைக்க வேறு பூச்சு தேட வேண்டாம்.

தரையில் அமிலம் கூடவே கூடாது. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டதன்று. கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, பின்னால் சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்துக் காயவைத்தது. அமிலம் சிமெண்டையே தின்றுவிடும். குளியலறை கழுவும் திரவங்கள் பலவற்றிலும் அமிலம் உண்டு. வெறும் நீரால் நாள்தோறும் துடைத்து, எப்போதாவது துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தேய்த்தால் நடக்க நடக்க மெருகு திரும்பும். எண்ணெய் அதிகமானால் வழுக்கும், உங்கள் நிலையில் அது ஆபத்து. விரிசல் விட்ட கற்கள் ஆடவில்லை என்றால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஆடினால், கல்லின் அகலம், தடிமன், பூவின் படம் மூன்றையும் ஆத்தங்குடிப் பட்டறையில் கொடுத்துச் சொல்லி வையுங்கள். பழைய கல் எட்டு அங்குலமா பத்து அங்குலமா என்று அளக்காமல் போக வேண்டாம். ஊறிக் காய நாள் பிடிக்கும், மழைக்காலத்தில் இன்னும் தாமதமாகும் என்பதால் ஐப்பசிக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. உடைந்த கல்லை மாற்றுவதற்குப் பங்காளிகள் யாரும் மறுப்புச் சொல்லமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

பதில்: பள்ளத்தூர் மரவேலை

முற்றத்தில் வைத்துச் சுரண்டாதீர்கள். நம் ஊர்ப் பக்கம் பல வீடுகளில் முற்றத்து மழைநீர் கிணற்றுக்கோ தொட்டிக்கோதான் போகிறது. மற்ற பங்குக்காரர்களின் பிள்ளைகளும் அங்கேதான் விளையாடுவார்கள். மஞ்சள் வண்ணம் உதிராமல் கெட்டியாக இருந்தால் சுரண்டவே வேண்டியதில்லை. ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, அதன்மேல் அரக்குப் பூச்சு இரண்டு கொடுத்து மூடிவிடுங்கள்; கதவு உராயும் விளிம்பில் வண்ணம் பெயர்கிறதா என்று மட்டும் அவ்வப்போது பாருங்கள். பெயர்ந்தால் கீலைக் கழற்றிக் கதவை மட்டும் பட்டறைக்கு அனுப்புங்கள், வீட்டுக்கு வெளியே வைத்து மருந்து போட்டு எடுத்துத் தருவார்கள்.

இன்னொன்று. மெருகுக்கு அரக்குக்குப் பதிலாக ஆளிவிதை எண்ணெயைக் கடைக்காரர் கொடுத்தால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள், அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது. வெளியே கொடியில் விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.

பணக் கணக்கு என் மதிப்பில் இப்படி வரும்: கொத்தனார் கூலியும் சுண்ணாம்பும் 10,000, பிளைவுட், உருளை, பீடம் எல்லாம் 9,000, மெருகுச் சாமான் 2,000, கற்களுக்கு 2,000. மீதி 7,000 ரூபாயைப் பிரித்துச் செலவழிக்காமல், கம்புகள் நெருக்கமாக உள்ள சாதாரணக் குழந்தைக் கட்டில் ஒன்றும் அதற்குச் சரியாகப் பொருந்தும் மெத்தையும் வாங்கிவிடுங்கள். மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. கடையிலேயே விரலை விட்டுப் பார்த்து வாங்குங்கள்.