அசுவினிக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்குப் பூச்சி என்ன தருகிறது?

மாடித்தோட்டம்_ஜேபிநகர்:
பெங்களூருவில் மாடித் தொட்டியில் அவரை போட்டிருக்கிறேன். கொழுந்து முழுக்கக் கறுப்பு அசுவினி அப்பிக்கிடக்கிறது, கீழ் இலையெல்லாம் பிசுபிசுப்பு. இதைப் பற்றித் தேடியபோதுதான் இதன் உடம்புக்குள் புக்னெரா என்ற பாக்டீரியா இருந்துகொண்டு அமினோ அமிலம் (புரதத்தின் கட்டுமானப் பொருள்) செய்து தருகிறது என்று படித்தேன். சரி, பூச்சிக்கு லாபம். பாக்டீரியாவுக்கு என்ன கிடைக்கிறது, தங்க இடம் மட்டுமா? வெளியே எடுத்து வளர்க்கவே முடியாதாமே, ஏன்?

பூச்சிப்பைத்தியம்:
இடம் மட்டும் இல்லைங்க, மூலப்பொருளே பூச்சி கொடுப்பதுதான். செடிச் சாற்றில் சர்க்கரை கொட்டிக்கிடக்கும் (உங்கள் இலையில் பிசுபிசுப்பது பூச்சி கழித்த மிச்சச் சர்க்கரை), ஆனால் அத்தியாவசிய அமினோ அமிலங்கள் ரொம்பக் குறைவு. அவற்றைச் செய்ய புக்னெராவுக்கு நைட்ரஜன் வேண்டும், அது குளுட்டமேட், அஸ்பார்டேட் போன்ற சாதாரண அமினோ அமிலங்களாகப் பூச்சியிடமிருந்து வருகிறது. இந்த பாக்டீரியா குடியிருப்பதற்கென்றே பூச்சிக்குள் பாக்டீரியோசைட் என்ற தனிச் செல்கள் உண்டு. கழிவாகப் போகவேண்டிய அம்மோனியாவைக்கூட அந்தச் செல்கள் பிடித்துக் குளுட்டமைனாக்கி, அதிலிருந்து குளுட்டமேட் செய்துகொள்கின்றன! பட்டாணி அசுவினியில் இன்னொன்றும் கண்டுபிடித்திருக்கிறார்கள்: புக்னெரா செய்யும் அர்ஜினைன் என்ற அமினோ அமிலம் தேவைக்கு மேல் சேர்ந்தால், குளுட்டமைனைச் செல்லுக்குள் கொண்டுவரும் புரதத்தை அதுவே தடுக்கிறது. ஆக, குழாயைத் திறப்பதும் மூடுவதும் பூச்சியின் கையில்.

ஹெப்பால்_ஆராய்ச்சி_மாணவி:
வெளியே வளராததற்குக் காரணம் அதன் ஜீனோமிலேயே (முழு மரபணுத் தொகுப்பிலேயே) தெரியும். 2000-ல் வரிசைப்படுத்தினார்கள், சுமார் 6.4 லட்சம் காரஇணைகள் (டிஎன்ஏ எழுத்து ஜோடிகள்)தான். நம் குடலில் இருக்கும் ஈ.கோலைக்கு ஏறக்குறைய 46 லட்சம். பல கோடி ஆண்டுகள் பூச்சிக்குள்ளேயே இருந்ததில் மரபணுக்களை ஒவ்வொன்றாக இழந்திருக்கிறது. தன் மேல்சவ்வுக்கு வேண்டிய பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பைக்கூட அதனால் செய்ய முடியாது, அதுவும் பூச்சி தருவதுதான். லூசின், ஐசோலூசின், வாலின் என்ற மூன்று அமினோ அமிலங்களைச் செய்வதிலும் கடைசிப் படியைப் பூச்சியின் நொதிதான் முடிக்கிறது. தாயிடமிருந்து கருவுக்கு நேராகப் போய்விடுவதால், வெளியுலகில் பிழைக்க வேண்டிய அவசியமே அதற்கு வரவில்லை.

மாடித்தோட்டம்_ஜேபிநகர்:
அருமை, ரெண்டு பேருக்கும் நன்றி. அப்போ ஆன்டிபயாட்டிக் அடித்தால் ரெண்டும் சேர்ந்து போகுமா?

பூச்சிப்பைத்தியம்:
ஆய்வகத்தில் அப்படிச் செய்து பார்த்திருக்கிறார்கள். பூச்சி உடனே சாகாது, குட்டையாகிவிடும், குட்டி போடுவது கிட்டத்தட்ட நின்றுவிடும். ஆனால் சாப்பிடுகிற அவரையில் தயவுசெய்து வேண்டாம், மண்ணில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் போகும், மருந்துக்கு அடங்காத கிருமியும் பெருகும். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள், அப்புறம் வேப்பெண்ணெய்க் கரைசல். எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அந்தச் சர்க்கரைக்காக எறும்பு அசுவினிக்குக் காவல் நிற்கும்.