சாம்பிள் கச்சிதம், லாட்டில் கோளாறு: வெளியே மெஷினிங் கொடுக்க நம்பகமான இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி (அசெம்பிளி பிரிவு)

வணக்கம். சின்ன கியர்பாக்ஸ் அசெம்பிள் செய்கிறோம். பேரிங் ஹவுசிங்கை (பேரிங் உட்காரும் கூடு) வெளியே கொடுத்துத்தான் செய்து வாங்குகிறோம். அலுமினியம் 6061-டி6, சுவர் கனம் 4 மிமீ. 6205 பேரிங் உட்காரும் துளை 52 ஹெச்7, அதாவது 52.000 முதல் 52.030 வரை.

சாம்பிளில் பேரிங்கைக் கையால் தள்ளியதுமே உட்கார்ந்தது. அதை நம்பி லாட் (மொத்தத் தொகுதி) ஆர்டர் கொடுத்தோம். இப்போது பாதிக்கு மேல் மேலட்டால் தட்டினால்தான் இறங்குகிறது. இறங்கிய பிறகு விரலால் சுற்றினால் பிடித்துப் பிடித்து ஓடுகிறது. அவர்கள் அனுப்பிய இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் எல்லாம் 52.010க்கும் 52.018க்கும் இடையில். நாங்களும் டயல் போர் கேஜ் (துளையின் விட்டம் அளக்கும் கருவி) போட்டோம், அதே அளவுதான். பேரிங்கை மாற்றிப் பார்க்கச் சொன்னார்கள். மாற்றியும் அதே கதை.

அளவு சரியாக இருந்தும் ஏன் இறங்கவில்லை? அடுத்த சந்தேகம், வேறு மூன்று இடங்களில் விலை கேட்டிருக்கிறேன். ஒருவர் உடனே அனுப்பிவிட்டார், விலையும் அதுதான் குறைவு. இன்னொருவரிடம் ஐந்து அச்சு மெஷின், ஐஎஸ்ஓ 9001 சான்றிதழ் எல்லாம் உண்டு. மூன்றாமவர் விலை சொல்லாமல் கேள்வி மேல் கேள்வி கேட்கிறார். எதை வைத்து முடிவெடுப்பது?

பதில் (சிஎன்சி செட்டர்)

துளை வட்டமாக இல்லை, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 4 மிமீ சுவரை ஹைட்ராலிக் சக்கில் (மெஷினில் பாகத்தைப் பிடிக்கும் அமைப்பு) மூன்று ஜாவால் (பிடிக்கும் தாடை) இறுக்கினால், ஜா தொடும் மூன்று இடமும் உள்ளே அமுங்கும். அந்த நிலையில் போரிங் செய்தால் துளை சுத்தமான வட்டமாகத்தான் வரும். சக்கைத் திறந்ததும் சுவர் பழைய இடத்துக்குத் திரும்பும், துளை மூன்று மூலை வடிவமாகிவிடும். டயல் போர் கேஜ் எதிரெதிர் இரண்டு புள்ளியைத்தான் தொடுகிறது. ஒரு பக்கம் புடைப்பு இருந்தால் அதற்கு நேரெதிரே பள்ளம் இருக்கும், இரண்டும் கழிந்துவிடும். எப்படித் திருப்பினாலும் ஒரே அளவுதான் காட்டும். ஓவாலிட்டி (நீள்வட்டமாக இருப்பது) இல்லை என்று ரிப்போர்ட்டில் எழுதியிருந்தால் அது பொய்யில்லை, ஆனால் உங்களுக்கு அதனால் பயனும் இல்லை.

மூன்று புள்ளி உள் மைக்ரோமீட்டர் கிடைத்தால் ஒருமுறை அளந்து, 60 டிகிரி திருப்பி மறுபடி அளந்து பாருங்கள். அது இல்லாவிட்டால் முழு உருளையாக இருக்கும் கோ பிளக் கேஜை (துளையின் மிகக் குறைந்த அளவுக்குச் செய்தது) நுழைத்துப் பாருங்கள்.

பதில் (பெயர் சொல்லவில்லை)

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? லாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு இடத்தை மாற்றுங்கள்.

பதில் (தரச்சோதனை)

அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். காரணம் தெரியாமல் மாற்றினால் புது இடத்திலும் இதே ஹவுசிங்கை இதே மாதிரி சக்கில்தான் பிடிப்பார்கள்.

செட்டர் சொன்னதைக் கணக்காகப் பார்க்கலாம். இரண்டு புள்ளி அளவு 52.014, வட்டத்தன்மைப் பிழை (மையத்திலிருந்து மிகத் தள்ளியும் மிகக் கிட்டவும் உள்ள இடங்களின் வித்தியாசம்) 18 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். மூன்று மூலை வடிவத்தில் உள்ளே நுழையக்கூடிய வட்டத்தின் விட்டம் 51.996தான். பேரிங் வெளிவிட்டம் 52.000 வரை இருக்கலாம். தட்டாமல் எப்படி இறங்கும்?

ஹெச்7 என்று மட்டும் போட்டால் போதாது என்பதும் இதில் தெரிகிறது. ஐஎஸ்ஓ முறை டிராயிங்கில் வேறு குறிப்பு இல்லையென்றால் அந்த அளவு இரண்டு புள்ளி அளவையே குறிக்கும். வட்டத்தன்மைக்குத் தனி டாலரன்ஸ் (அனுமதிக்கும் வேறுபாடு) கொடுங்கள்.

வெப்பநிலையையும் கேளுங்கள். அளவுகள் எல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்குத்தான். அலுமினியத்தில் 52 மிமீ துளை 10 டிகிரிக்கு ஏறக்குறைய 12 மைக்ரான் விரியும். மெஷினிலிருந்து சூட்டோடு எடுத்து அளந்து ரிப்போர்ட் எழுதுகிற இடங்கள் நிறைய.

பதில் (அசெம்பிளி பிரிவு)

மூன்று புள்ளி மைக்ரோமீட்டர் இரவல் வாங்கி அளந்தோம். ஒரே துளை ஒரு நிலையில் 51.997, 60 டிகிரி திருப்பினால் 52.031! சாம்பிளில் இரண்டு நிலைக்கும் வித்தியாசம் சில மைக்ரான்தான். போன் செய்து கேட்டேன். சாம்பிளை அனுபவமுள்ள ஒருவர் சாஃப்ட் ஜாவில் (பாகத்தின் வடிவத்துக்கேற்பக் கடைந்துகொள்ளும் ஜா) மெதுவாகப் போட்டிருக்கிறார். லாட் வேறு மெஷினில், வேறு ஷிஃப்டில், சாதாரண ஜாவில் ஓடியிருக்கிறது. அந்த ஹவுசிங்குகளை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். இனி எப்படிப் பிடிப்பார்கள் என்று கேட்டதற்கு மட்டும் தெளிவான பதில் வரவில்லை.

பதில் (கொள்முதல் பிரிவு)

அந்தத் தெளிவில்லாத பதிலைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். பிழை எல்லா இடத்திலும் வரும். காரணத்தைக் கண்டுபிடித்து, என்ன மாற்றினோம் என்று எழுதித் தருகிற இடத்தோடு பல வருடம் ஓட்டலாம். மாற்றிக் கொடுத்துவிட்டு அப்படியே விடுகிற இடத்தில் அடுத்த லாட்டிலும் இதுவே நடக்கும்.

உங்கள் மூவரில் கேள்வி கேட்கிறவரிடம் நன்றாகப் பேசிப் பாருங்கள். எதில் பேரிங் உட்காருகிறது, எந்த முகத்தை ஆதாரமாக வைத்து அளப்பது, அனோடைசிங் (அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் வளர்ப்பது) உண்டா என்றெல்லாம் கேட்டால் அவர் டிராயிங்கைப் படித்திருக்கிறார் என்று அர்த்தம். உடனே வந்த விலை பெரும்பாலும் எடையையும் மெஷின் நேரத்தையும் பார்த்துப் போட்டது. ஐஎஸ்ஓ 9001 வேண்டாதது இல்லை. ஆனால் அது நிர்வாக முறைக்கான சான்று, உங்கள் 52 மிமீ துளை சரியாக வரும் என்பதற்கு அல்ல. ஐந்து அச்சு மெஷினும் அப்படித்தான், இந்த ஹவுசிங்குக்கு அது தேவையே இல்லை.

நேரில் போனால் மெஷின் வரிசையைப் பார்ப்பதைவிட அளக்கும் மேஜை அருகே அதிக நேரம் நில்லுங்கள். 30 மைக்ரான் டாலரன்ஸை வெர்னியரால் அளக்கிறார்களா, போர் கேஜை எந்த ரிங்கில் (அளவு தெரிந்த வளையம்) செட் செய்கிறார்கள், ரிங்கின் காலிபிரேஷன் எப்போது முடிகிறது என்று பாருங்கள். அப்புறம் ரிஜெக்ட் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் காரணம் எழுதிய டேக் இருந்தால் நல்ல இடம். ரிஜெக்டே வராது என்று சொன்னால் எனக்குக் கவலையாக இருக்கும்.

ஆர்டரில் இரண்டு வரி சேருங்கள். சாம்பிள் ஓடிய மெஷின், பிடிக்கும் முறை, டூல் இவற்றில் எதை மாற்றினாலும் முன்கூட்டியே சொல்லி, புதிய முதல் பீஸ் ரிப்போர்ட் தர வேண்டும். எங்களைக் கேட்காமல் வேறு இடத்துக்குக் கைமாற்றக் கூடாது. இதில் இரண்டாவது மிகவும் முக்கியம். வேலை நெருக்கடி வந்தால் உங்கள் ஜாப் சத்தமில்லாமல் அடுத்த ஷெட்டுக்குப் போய்விடும்.

பதில் (அசெம்பிளி பிரிவு)

ரொம்ப நன்றி. மூன்றாமவரிடம் பேசினேன். சுவர் கனத்தைச் சொன்னதுமே, சுற்றளவு முழுவதும் பிடிக்கிற மாதிரி ஜா கடைந்து, ஃபினிஷ் கட்டுக்கு முன் அழுத்தத்தைக் குறைத்துப் பிடிப்போம் என்று அவராகவே சொன்னார். சின்ன லாட் ஒன்று கொடுத்துப் பார்க்கப் போகிறேன். வட்டத்தன்மை 0.008 என்று டிராயிங்கில் சேர்த்தாயிற்று. ஹவுசிங்குக்கு ஹார்ட் அனோடைசிங் 50 மைக்ரான் உண்டு. அதை வெளியேதான் செய்வாராம். அதில் ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில் (தரச்சோதனை)

கண்டிப்பாக. அந்தப் படலத்தில் ஏறக்குறைய பாதி உள்ளே போகும், பாதி மேலே ஏறும். துளையில் இரண்டு பக்கமும் சேர்த்து விட்டம் சுமார் 50 மைக்ரான் குறையும், ஹெச்7 டாலரன்ஸ் முழுவதையும்விட அது அதிகம். பேரிங் துளையை மாஸ்க் செய்யச் (படலம் ஏறாதபடி மூடச்) சொல்லுங்கள். முடியாவிட்டால் 52.000 முதல் 52.030 என்பது அனோடைசிங்குக்குப் பிறகான அளவு என்று டிராயிங்கிலேயே எழுதிவிடுங்கள். வெளியே போய் வந்தாலும் கடைசி அளவுக்கு மெஷினிங் செய்தவரே பொறுப்பு என்பதையும் ஆர்டரில் சேருங்கள். ரிப்போர்ட்டில் மூன்று புள்ளி அளவு இரண்டு நிலையிலும் கேளுங்கள். உங்கள் 0.008க்கு அந்த இரண்டு அளவுக்கும் வித்தியாசம் 16 மைக்ரானுக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த வடிவத்தில் அது வட்டத்தன்மைப் பிழையைப் போல இரண்டு மடங்காகத் தெரியும்.