பத்திரத்தில் வரும் 'செக்குபந்தி': பொருள் என்ன, எங்கிருந்து வந்தது?

கேள்வி (வயல்வரப்பு):
பழைய கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில், "இதற்குச் செக்குபந்தி: வண்டிப்பாதைக்கும் கிழக்கு, வாய்க்காலுக்கும் தெற்கு... இதன் மத்தியில் 42 சென்ட்" என்று இருக்கிறது. வேறொரு பத்திரத்தில் 'சக்குபந்தி'. இரண்டும் ஒன்றா? வண்டிப்பாதை நிலத்துக்குக் கிழக்கே இருக்கிறது என்று கொள்வதா?

பதில் (கணக்குப்பிள்ளை):
இரண்டும் ஒன்றே. நான்கெல்லை விவரம் என்று பொருள். வடக்கே வருவாய்க் கணக்கில் வழங்கிய 'சக்பந்தி'தான் மூலம். எல்லை வகுத்த நிலத்துண்டு 'சக்'. 'பந்தி' கட்டுதல் என்று பொருள்படும் பாரசீகச் சொல். கன்னடத்திலும் தெலுங்கிலும் பத்திரங்களில் இதே சொல் உண்டு. உத்தரப்பிரதேசத்தில் இன்று சக்பந்தி என்றால் சிதறிய நிலங்களை ஒன்றாக்கும் பணி.

பதில் (பத்திரநடை):
இரண்டாவது கேள்விதான் முக்கியம். 'வண்டிப்பாதைக்குக் கிழக்கு' என்றால் பாதைக்குக் கிழக்கில் சொத்து. அதாவது பாதை உங்கள் மேற்கெல்லை. அதேபோல் வாய்க்கால் வடக்கெல்லை. 'கிழக்கில் வண்டிப்பாதை' என்று எழுதியிருந்தால்தான் பாதை கிழக்கெல்லை. புதுப் பத்திரம் எழுதும்போது ஒரு நடையை இன்னொன்றாக மாற்றுகிறவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள், திசை தலைகீழாகிவிடும்.

எல்லையில் பக்கத்து நிலக்காரர் பெயர் மட்டும் இருந்தால், அவர் விற்றதும் அடையாளம் போய்விடும். அவருடைய சர்வே எண், உட்பிரிவு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு புலப்படத்தோடு (சர்வே எண் வாரியான நில அளவை வரைபடம்) ஒப்பிடுங்கள். 42 சென்ட் சிட்டாவில் (நிலம் யார் பெயரில், எவ்வளவு என்று காட்டும் வருவாய்த் துறைப் பதிவு) ஏறக்குறைய 0.17.0 ஹெக்டேர் என்று வரும். பழைய புலப்படத்தில் அளவு லிங்க்கில் இருக்கலாம்: 100 லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி. மீட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். பரப்பும் எல்லையும் முரண்பட்டால், எல்லை திட்டமாக இருக்கும் பட்சத்தில் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லையையே ஏற்கும்.

பதில் (கல்வெட்டுவாசி):
சொல் வந்தேறியது, வழக்கம் நம்முடையது. சோழர் செப்பேடுகளில் 'கீழ்பாற்கெல்லை', 'தென்பாற்கெல்லை' என்று திசைதிசையாக வாய்க்கால், வரம்பு, வழி எல்லாம் சொல்லி வரும். முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்தின் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலத்தைக் கொடுத்ததைச் சொல்லும் லெய்டன் செப்பேட்டில், பிடி சூழ்ந்து, கல்லும் கள்ளியும் நாட்டி எல்லை குறித்த செய்தி இருக்கிறது. பிடி, பெண் யானை. அதை எல்லை சுற்றி நடத்தினார்கள். கள்ளியை ஆடுமாடு கடிக்காது, வறட்சியிலும் பட்டுப்போகாது. சிவன் கோயில் நிலமென்றால் சூலக்கல், பெருமாளுக்குச் சக்கரம் பொறித்த திருவாழிக்கல், சமணப் பள்ளிக்கு மூன்றடுக்குக் குடை பொறித்த முக்குடைக்கல். எழுத்து தெரியாதவருக்கும் நிலம் யாருடையது என்று கல்லே சொல்லிவிடும்.