மாடல் ரயில் பாயின்ட் மோட்டார், சிக்னல் வயரிங்: பார்த்த கோளாறுகளைப் பகிரலாம்

லூப்லைன்:
எரிந்தது, பாயின்டை (வண்டி தடம் மாறும் இடம்) நகர்த்தும் இரட்டைக் காயில் மோட்டார். புஷ் பட்டனின் கான்டாக்ட் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டது. 16 வோல்ட் ஏசி நேராகக் காயிலுக்கு, நடுவில் ஒரு ஃப்யூஸ்கூட இல்லை. 3, 4 ஆம்பியர் இழுக்கிற சாமான், கண நேரத் துடிப்புக்கு மட்டும்தான் தாங்கும். வார்னிஷ் வாடை வந்தபோதே பிளாஸ்டிக் பாபின் இளகி, இரும்புத் தண்டு பாதி வழியில் மாட்டிக்கொண்டது. பாயின்ட் பிளேடு (நகரும் தண்டவாள நுனி) இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. பேனலில் மட்டும் பச்சை ஜம்மென்று எரிகிறது. கப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் (சேமித்த மின்சாரத்தை ஒரே துடிப்பாக விடும் பெட்டி) இல்லாமல் காயில் மோட்டாரைத் தொடாதீங்க.

நேரோகேஜ்:
யூனிட் காயிலைக் காப்பாற்றும் சார், பச்சை பொய் சொல்வதை நிறுத்தாது. விளக்குக்கான கரன்டைப் பட்டனிலிருந்தே எடுத்திருக்காங்க, அதுதான் கோளாறு. டார்ட்டாய்ஸ் மாதிரி மெதுவாக நகரும் மோட்டார் போட்டால் இரண்டு தொல்லையும் இல்லை. 12 வோல்ட் டிசி, முட்டி நிற்கும்போதும் 20 மில்லி ஆம்பியருக்குள். நாள் முழுக்க கரன்ட் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. இரண்டு செட் கான்டாக்ட் உள்ளேயே உண்டு. ஒன்று ஃப்ராக்குக்கு (பாயின்டில் தண்டவாளங்கள் குறுக்கிடும் முனை), ஒன்று சிக்னலுக்கு.

கேபின்_மேற்கு:
அந்த கான்டாக்ட் மாறுவது ஓட்டத்தின் நடுவாக்கில். பிளேடு தண்டவாளத்தோடு ஒட்டியதற்கு அது சாட்சி இல்லை. டை பாரின் (இரு பிளேடையும் சேர்த்து நகர்த்தும் பட்டை) இரு முனையிலும் ஆளுக்கொரு மைக்ரோ ஸ்விட்ச் வையுங்க. முனை ஸ்விட்ச் அழுந்தினால்தான் பச்சை. நடுவில் நின்றாலோ வயர் அறுந்தாலோ சிவப்பு. நிஜ ரயில்வேயில் பாயின்ட் பொருந்திப் பூட்டாமல் சிக்னல் இறங்காது, இங்கே மட்டும் ஏன் விடணும்?

யார்டு:
இதைவிட மோசமானது பலகைக்கு அடியில் இருந்தது. இரண்டு டிரான்ஸ்ஃபார்மர், இரண்டின் 16 வோல்ட் வெளியீடும் ஒரே பட்டியில். ஒன்றின் பிளக்கைப் பிடுங்கினால், கையில் இருக்கும் பிளக் பின்களுக்கு நடுவே மீட்டர் மெயின் வோல்டேஜைக் காட்டுகிறது! மற்றதன் 16 வோல்ட் பின்வழியாக ஏறி, பிடுங்கிய டிரான்ஸ்ஃபார்மர் தலைகீழாக வேலை செய்கிறது. வெளியீடுகளை ஒருபோதும் இணைக்காதீங்க. காமன் ரிட்டர்ன் (கரன்ட் திரும்பும் பொது வயர்) மட்டும் இருந்தாலும், இஞ்சின் சக்கரம் இரண்டு செக்ஷனுக்கு நடுவிலுள்ள இடைவெளியைத் தாண்டும்போது இதே கதைதான்.

டபுள்எல்லோ:
யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்லிடறேன். நான்கு விளக்கு சிக்னலில் காமன் காலில் ஒரே ரெசிஸ்டர் போட்டிருந்தாங்க. தனி மஞ்சள் பளிச், இரட்டை மஞ்சள் வந்ததும் இரண்டும் மங்கல். ஒரே கரன்டை இரண்டு பேர் பங்கு போட்டால் அப்படித்தான். எல்இடி ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர்: 12 வோல்டில் சிவப்பு, மஞ்சளுக்கு 1 கிலோ ஓம் போட்டால் சுமார் 10 மில்லி ஆம்பியர். ஏசியில் நேராகக் கொடுக்காதீங்க, 5 வோல்ட் தலைகீழாக வந்தாலே எல்இடிக்கு ஆபத்து.

உலோக ஃப்ராக் பாயின்டா? ஃப்ராக்கிலிருந்து வெளியேறும் இரண்டு தண்டவாளத்திலும் கரன்ட் கடக்காத பிளாஸ்டிக் ஜாயினர் (இணைப்புத் துண்டு). இல்லையென்றால் பாயின்டைத் திருப்பிய நொடியே ஷார்ட்.

டிசிசி (டிஜிட்டல் முறையில் வண்டியை ஓட்டுவது) என்றால் மெயின் பஸ் (பலகைக்கு அடியில் ஓடும் முக்கிய வயர்) 2.5 சதுர மில்லிமீட்டர், மீட்டருக்கு ஒரு ஃபீடர் (அதிலிருந்து தண்டவாளத்துக்கு ஏறும் வயர்). முடித்ததும் கடைக்கோடியில் இரு தண்டவாளத்தையும் தொடும்படி ஒரு நாணயத்தை வையுங்க. பூஸ்டர் (தண்டவாளத்துக்குக் கரன்ட் கொடுக்கும் பெட்டி) உடனே கரன்டை வெட்டணும். வெட்டவில்லையென்றால் வயர் மெல்லிசு, கரன்ட் வெட்டு அளவை எட்டவில்லை. அந்த நிலையில் வண்டி தடம் புரண்டால் 5 ஆம்பியர் பூஸ்டரில் 60 வாட் வரை ஒரே இடத்தில் இறங்கும். போகி (வண்டியின் சக்கரச் சட்டம்) இளகிவிடும்.

லூப்லைன்:
பச்சைக்கும் 1 கிலோ ஓமா?

டபுள்எல்லோ:
இப்போது வரும் பச்சைக்கு அது கண் கூசும். 4.7 கிலோவில் ஆரம்பிங்க, மங்கலாக இருந்தால் 3.3.