திராட்சைத் தோட்டப் படங்கள் சப்பென்று வருகின்றன: அக்டோபரில் மோசல் போகும் முன் என்ன திருத்தணும்?

இந்திராநகர்16:
வணக்கம். பெங்களூரு. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (நடுத்தர அளவு சென்சார்) கேமரா, 16-50 மி.மீ., 55-210 மி.மீ. லென்ஸ்கள். போன ஞாயிறு தொட்டபள்ளாபூர் பக்கம் ஒத்திகை மாதிரி எடுத்தேன். ஒரு இடம் பந்தல் தோட்டம், இன்னொன்று ஒயின் திராட்சை, கம்பி வரிசை. காலை 10:30, டிரைபாட், 16 மி.மீ., எஃப் 16, 1/50 நொடி, ஐஎஸ்ஓ 100, போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) முழுசா திருப்பி வைத்தது.

இலைகள் கூழ் மாதிரி இருக்கு, வரிசைகள் தனித்தனியாத் தெரியல. நிறம் சாம்பல் கலந்த பச்சை. வானத்தின் ஒரு பாதி கருநீலம், மறுபாதி வெளுப்பு. அக்டோபர் 10 முதல் 14 வரை ஜெர்மனியில் மோசல் நதிப் பக்கம், ப்ரெம் ஊரில் தங்கல். லென்ஸ் மாத்தணுமா?

மூன்றுகால்:
லென்ஸைத் தொடாதீங்க. படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிசாக்கி, கம்பி கட்டின கல்லுக்காலைப் பாருங்க. கல் துல்லியமா இருந்து இலை மட்டும் கூழா இருந்தா காற்று. கல்லும் கூழ்னா எஃப் 16-ஓட வேலை: துவாரம் அவ்வளவு சுருங்கினா ஒளி விளிம்பில் சிதறி, இந்த சென்சாரில் நுணுக்கம் கரைஞ்சிடும். டிரைபாட் கேமராவைத்தான் பிடிச்சு வைக்கும், கொடியை இல்ல.

எஃப் 8, 1/800, ஐஎஸ்ஓ 400-ல ஆரம்பிங்க. 16 மி.மீ., எஃப் 8-ல 2 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் வச்சா சுமார் 1 மீட்டரிலிருந்து கடைசி மலை வரை போதுமான தெளிவு கிடைக்கும். எஃப் 16 போக வேண்டிய தேவையே இல்ல. வானம் பாதி கறுத்தது போலரைசரால். சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டில்தான் அது பலமா வேலை செய்யும். 16 மி.மீ. அகலத்தில் அந்தப் பட்டையும் அதுக்கு வெளியே இருக்கிற வானமும் ஒரே படத்தில் வந்துடும். பாதி திருப்பினா போதும், இலைப் பளபளப்பு குறையும். 30 மி.மீ.-க்கு மேலே போனா இந்தத் தொல்லை பெரும்பாலும் இருக்காது.

கம்பம் பந்தல்:
பந்தலில் வரிசையைத் தேடினால் எப்படிங்க கிடைக்கும்? பெங்களூர் ப்ளூ ஆகட்டும், எங்கள் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை ஆகட்டும், பந்தலில் ஏற்றிவிட்டால் மேலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரே பச்சைக் கூரை. பந்தலுக்குப் படமே அடியில்தான்: தூண்கள் வரிசையாக ஓடும், குலைகள் தலைக்கு மேல் தொங்கும், ஓட்டைகளில் வெயில் விழும். 16 மி.மீ.-யை அங்கே எடுங்கள்.

சாம்பல் பச்சைக்குக் கேமராவைத் திட்ட வேண்டாம். மழைக்காலத்தில் அடிசாம்பல் என்ற பூஞ்சை நோய்க்கு போர்டோ கலவை அடிப்பார்கள்: 100 லிட்டர் தண்ணீருக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு. அந்த நீலவெள்ளைப் படிவு இலையில் காய்ந்திருக்கும், எந்த ஃபில்டரும் அதை அகற்றாது. பேரே பிரான்சின் போர்டோவிலிருந்து வந்ததுதான், ஐரோப்பாவிலும் செம்பு மருந்து அடிக்கிறார்கள். நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் போனால் படிவு குறைந்திருக்கும். இல்லாவிட்டால் வெயிலுக்கு எதிரே நின்று, இலைக்குள் ஒளி ஊடுருவும்படி எடுங்கள். மேல்பூச்சு கண்ணுக்கு உறுத்தாது.

இந்திராநகர்16:
பார்த்தேன். கல்லுக்கால் சுமார் துல்லியம், இலை படு மோசம். ரெண்டும் சேர்ந்துதான் போல. கம்பி வரிசைத் தோட்டத்தை மேட்டில் ஏறி எடுத்தும் கோடு கோடா வரலையே, அதுக்கு என்ன காரணம்?

சரிவு:
நிழல் போதவில்லை. கொடிச் சுவர் 1.8 மீட்டர் உயரம், நடுச்சந்து 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் வரிசைக்குக் குறுக்கே அடிக்கும்போது, சூரியன் 60 டிகிரி உயரத்தில் இருந்தால் நிழல் 1 மீட்டர்தான் விழும். 45 டிகிரியில் 1.8 மீட்டர். 36 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நிழல் அடுத்த வரிசையைத் தொட்டு, சந்து முழுக்க இருண்டுவிடும். ஆக, மேட்டிலிருந்து கோடுகள் பளிச்சென்று தெரிவது 40-50 டிகிரியில். செப்டம்பர் பெங்களூரில் அது காலை 9 மணியை ஒட்டி. நீங்கள் எடுத்த 10:30-க்கு 60-ஐத் தாண்டிவிட்டது. விடியற்காலை ஒளிதான் எப்போதும் சிறந்தது என்ற பேச்சு இங்கே செல்லாது. வரிசை தெற்கு வடக்காக ஓடினால்தான் இந்தக் கணக்கு. கிழக்கு மேற்கு வரிசைக்கு வெயில் நீளவாக்கில் போகும், நிழல் சந்துக்குள் விழாது.

மோசலில் கணக்கே வேறு. ப்ரெம் ஊருக்கு மேலே உள்ள கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 65 டிகிரி வரை செங்குத்து, தெற்கு நோக்கியது. அக்டோபர் நடுவில் அங்கே நண்பகல் சூரியன் 31 டிகிரி உயரம்தான். 60 டிகிரி சரிவில் அந்த வெயில் ஏறக்குறைய செங்குத்தாகப் போய் மோதும். கொடிக்கு அது வரம், படத்துக்குச் சாபம்: நிழலே விழாது, மலை முழுக்கத் தட்டை. நதியின் எதிர்க்கரையில் நின்று காலை 9:30 முதல் 10:30, அல்லது மாலை 4-க்கு மேல் எடுங்கள். உச்சியிலிருந்து நதி வளைவை எடுப்பதானால் பார்வை தெற்கே, நண்பகலில் எதிர்வெயில். வளைவு ஒரு பிரேமில் அடங்காவிட்டால் கேமராவைச் செங்குத்தாக வைத்து, மூன்றில் ஒரு பங்கு மேல்விழும்படி ஐந்தாறு படம் எடுத்து ஒட்டுங்கள். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூன்றையும் பூட்டிவிட்டு எடுக்க வேண்டும்.

இன்னொன்று: செங்குத்துச் சரிவுகளில் ஒவ்வொரு கொடியும் தனிக் கம்பத்தில் கட்டியிருப்பது உண்டு. அங்கே கோடு கிடைக்காது, புள்ளிகள்தான். 100 மி.மீ.-க்கு மேலே போய்ப் புள்ளிகளை நெருக்கிக் காட்டுங்கள்.

மூன்றுகால்:
அந்த டெலிக்கு (தூரத்தை நெருக்கிக் காட்டும் நீள லென்ஸுக்கு) ஒரு எச்சரிக்கை. 135 மி.மீ., எஃப் 8-ல் 115 மீட்டரில் ஃபோகஸ் வச்சாலும் 57 மீட்டருக்கு இந்தப் பக்கம் தெளிவு இருக்காது. முன்னால் 20 மீட்டரில் கொடி வந்தா மூணு தூரத்தில் ஃபோகஸ் வச்சு மூணு படம் எடுத்து, கணினியில் ஒண்ணா அடுக்கணும். காற்று அடிச்சா அடுக்கவே முடியாது, முன்கொடி பிரேமுக்குள் வராம எடுங்க.

வரிசை இல்லாத தோட்டம்னா ஸ்பெயினின் லான்சரோட்டே தீவில் இருக்கிற லா ஹேரியாவைச் சொல்லணும். கறுப்பு எரிமலைச் சாம்பலில் குழி தோண்டி, குழிக்கு ஒரு கொடி, காற்றுத் தடுக்க அரைவட்டக் கல்சுவர். கேமராவின் ஒளிமீட்டர் அந்தக் கறுப்பைச் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும், எக்ஸ்போஷரை மைனஸ் 1 வைக்காம எடுத்தா கெட்டுது.

இந்திராநகர்16:
சரி சார். தேதியை மாத்தலாமா? 10-14-ல் மஞ்சள் இலை கிடைக்குமா?

சரிவு:
மோசலில் அதிகம் உள்ள ரீஸ்லிங் தாமதமாகப் பழுக்கும் திராட்சை ரகம். அக்டோபரில் அறுவடை நடக்கும், மஞ்சள் அதை ஒட்டித்தான் ஏறும். 10-ஆம் தேதி பெரும்பாலும் பச்சை. கடைசி வாரம் போங்கள். கடும் உறைபனி விழுந்தால் இலை உதிர்ந்துவிடும், அந்த அபாயம் உண்டு. அறுவடை ஆட்கள் இருக்கும்போது வரிசைக்குள் இறங்காதீர்கள், பாதையிலேயே நில்லுங்கள். காலையில் பள்ளத்தாக்கு மூடுபனியால் நிரம்பியிருந்தால் உச்சிக்கு ஏறிவிடுங்கள், கீழே நின்று பயனில்லை.

அக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள். அதற்குப் பிறகு உதயம் சுமார் 7:20, அஸ்தமனம் 5:10. நான் மேலே சொன்ன நேரங்களிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துக்கொள்ளுங்கள்.