பார்க்கிங் அசிஸ்ட் சுவிட்ச்: ஷோர்ட் எங்கே?

கார் வயரிங் தெரிந்த அண்ணாமார் கொஞ்சம் பாருங்கோ. 2017 ஜப்பான் ஹைப்ரிட், கொழும்பில் நிற்கிறது. பார்க்கிங் அசிஸ்ட் (காரை நிறுத்த உதவும் சிஸ்டம்) சுவிட்சை அமத்தினால் லைட் எரியுதில்லை. ஸ்கேனரில் சிக்னல் வயர் கிரவுண்டுக்கு (கார் பொடிக்கு) ஷோர்ட் என்று வருகிறது. பியூஸ் சரி. சுவிட்சைத் தனியே அளந்தால் அமத்தும்போது 0.3 ஓம், விட்டால் ஓப்பன் (இணைப்பு இல்லை). சுவிட்ச் சரி; ஆகவே ‘பஞ்சிகாவத்தையில் (கொழும்பில் கார் பார்ட்ஸ் கடைகள் உள்ள இடம்) வேற சுவிட்ச் எடுங்கோ’ என்று மட்டும் சொல்லாதேங்கோ!

சுவிட்ச் கழற்றியிருக்க, இக்னிஷன் ஓனில் சிக்னல் வயரில் 0 வோல்ட். மொடியூலிலிருந்து (கொன்ட்ரோல் பெட்டி) 5 வோல்ட் வரவேண்டிய இடம். பற்றரி நெகட்டிவையும் மொடியூல் கனெக்டரையும் கழற்றி அளந்தால், அந்த வயருக்கும் பொடிக்கும் இடையே 2 ஓம். கியர் கொன்சோலை அசைத்தால் ஓப்பன் ஆகிறது. பிராக்கெட்டில் உரசி இன்சுலேஷன் போயிருக்கும் போல.

சுவிட்சுக்கும் மொடியூலுக்கும் இடையில் ஜொயின்ட் கனெக்டர் (வயர்கள் ஒன்றுசேரும் இணைப்பு) உண்டா? கொன்சோலை முழுதாக இறக்காமல் அந்த இடத்தை எட்டலாமா?